காபி காய்ந்த பிறகுதான் வேலை தொடங்கியது

உள்ளே காபி கொட்டிய 19-ஆம் நாள் காலையில் அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே ஆன் ஆனது. பவர் பட்டனை யாரும் தொடவில்லை. "ஆஃப் பண்ணினா ரெண்டு நிமிஷத்துல மறுபடி ஆன் ஆகுதுக்கா" என்று தம்பி வந்து சொன்னபோதே, காபி கொட்டிய இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டேன் என்பது எனக்கு உறைத்துவிட்டது. காபியைக் காயவைத்தேன், கழுவி எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். நிற்கும் கேபினெட். மேல்பக்கம் முழுக்கக் காற்றுத் துளைகள், அவற்றுக்குக் கீழே இரண்டு ஃபேன்கள். இரவு பதினொரு மணிக்கு மேல், வீடியோ ரெண்டர் ஆகிக்கொண்டிருந்த நேரம், அதாவது எடிட் செய்த வீடியோவைக் கம்ப்யூட்டர் முழுக் கோப்பாக ஆக்கிக்கொண்டிருந்த நேரம். பாலும் சர்க்கரையும் கலந்த காபிக் கோப்பை கேபினெட் தலைமேல் இருந்தது. கை பட்டுக் கவிழ்ந்தது. ஏறக்குறைய 150 மில்லி உள்ளே போயிருக்கும். தம்பி பதறிப்போய் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான். துணி தேடி ஓடினான். அதற்கப்புறம் என்னை வந்து எழுப்பினான்.

"ஆஃப் பண்ணிட்டியா?"

"உடனே பண்ணிட்டேன்க்கா."

"பிளக்கைப் பிடுங்கினியா?"

பிடுங்கவில்லை. போய்ப் பார்த்தால், எல்லாப் பாகங்களும் செருகும் பெரிய பலகையான மதர்போர்டின் ஓரத்தில் அந்தச் சின்ன எல்.இ.டி. எரிந்துகொண்டுதான் இருந்தது.

அவனைக் குறை சொல்ல முடியாது. திரை இருண்டு ஃபேன் நின்றுவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் பிளக் மாட்டியிருக்கும்வரை, வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஒரு 5 வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து மதர்போர்டுக்கு வரும், 24 பின் (உலோக முனை) கொண்ட கனெக்டரில் ஊதா நிற ஒயர் அதுதான், ஸ்டாண்ட்பை என்பார்கள். பவர் பட்டன் வேலை செய்வதும், கீபோர்டைத் தட்டினால் கம்ப்யூட்டர் விழிப்பதும் அந்த 5 வோல்ட்டால்தான். மதர்போர்டில் பல இடங்களுக்கு அது போகிறது. கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட்டுக்கும், 3.3 வோல்ட்டாகக் குறைந்து, ஒரு பின் வழியாகப் போகிறது. ஆக, அணைத்த கம்ப்யூட்டருக்குள் காபி வழிந்தோடிய அந்தப் பத்து நிமிடமும் மின்சாரம் உள்ளேயே இருந்தது.

அதனால்தான் எங்கே பேச்சு வந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்: பட்டனைத் தேடாதீர்கள், சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். ரெண்டர் பாதியில் போனால் போகட்டும். பிளக்கோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ நனைந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. முதலில் அந்த அறைக்கு வரும் மெயினை அணைக்க வேண்டும். பிடுங்கிய பிறகு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால், மிச்சமிருக்கும் மின்னேற்றம் வடிந்து எல்.இ.டி. அணையும். அப்போதும் ஒன்று பாக்கி. மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரி, சி.ஆர்.2032, 3 வோல்ட். பிளக் இல்லாவிட்டாலும் அது கடிகாரப் பகுதிக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். அதையும் கழற்றிவிட வேண்டும்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்றால், தனியே ஈரம் போர்டை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தூய நீர் மின்சாரத்தைக் கடத்துவதே மிகக் குறைவு. அதில் கரைந்திருக்கும் உப்புகள்தாம் கடத்துகின்றன. காபியில் பொட்டாசியம், பாலில் கால்சியமும் குளோரைடும். இப்படிப்பட்ட திரவம் இரண்டு பின்களுக்கு நடுவே நிற்க, அவற்றில் ஒன்றில் மட்டும் வோல்ட் இருந்தால், அங்கே மின்பகுப்பு தொடங்கிவிடும். நேர்முனையின் உலோகம் கரைந்து அயனியாகி மறுமுனையில் போய்ப் படியும். நிமிடக் கணக்கில் செம்பு அரிக்கத் தொடங்கும். சில சமயம் மறுமுனையிலிருந்து மரக்கிளை போல நுண்ணிய உலோக இழை வளர்ந்து இரண்டையும் இணைத்தும்விடும். மின்சாரம் இல்லாத போர்டில் அதே காபி ஒரு நாள் முழுக்கக் கிடந்தாலும் இந்த அளவு சேதம் வராது.

அன்று இரவே பக்கவாட்டுக் கதவைக் கழற்றி, காபி போன தடத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். இது மிக முக்கியமான வேலை என்று இப்போதும் நினைக்கிறேன். எதையும் துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்துவிட வேண்டும். துடைத்துவிட்டால் தடம் போய்விடும். பிறகு எங்கே தேடுவது என்று தெரியாது. மேல் ஃபேன் வழியாக விழுந்தது ரேமின் தலையில் பட்டு ஸ்லாட்டுக்குள் இறங்கியிருந்தது. சி.பி.யு. கூலரின் தகடுகள் கொஞ்சம் பிடித்துக்கொண்டன. பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டின் முதுகுத் தகட்டில் குளம்போலத் தேங்கி, ஒரு பக்கம் ஸ்லாட்டுக்குள்ளும், இன்னொரு பக்கம் கார்டின் நுனியிலிருந்து சொட்டி மதர்போர்டின் கீழ் மூலைக்கும், அங்கிருந்து எஸ்.எம்.பி.எஸ். மேலும் போயிருந்தது. அந்தக் கீழ் மூலையில்தான் முன்பக்கப் பட்டனின் ஒயர்கள் செருகும் பின்கள் இருக்கின்றன. 19-ஆம் நாள் கதை அங்கிருந்துதான் வந்தது.

அடுத்து நான் செய்த தவறு. என்னிடம் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் சுத்தம் செய்ய அதுதான் என்று கை பழகிப் போயிருந்ததால், நனைந்த இடங்களில் நேரே அதைத் தெளித்தேன். தெளித்த கணத்தில் காபி திரிந்தது. வெள்ளை வெள்ளையாகத் துகள்கள் கிளம்பிப் பின்களின் அடியில் ஒட்டிக்கொண்டன. பாலின் புரதம் ஆல்கஹால் பட்டால் திரிந்து கட்டியாகிவிடும். பால் பண்ணைகளில் பாலைச் சோதிக்க ஆல்கஹால் கலந்து பார்ப்பதே இதை வைத்துத்தான். சர்க்கரையோ ஆல்கஹாலில் கரைவதே இல்லை எனலாம். நீரை வெளியேற்றுவதில் ஆல்கஹாலை மிஞ்ச ஆளில்லை, ஆனால் சர்க்கரையும் பாலும் சேர்ந்த கறைக்கு அது முதலில் போக வேண்டிய மருந்து அல்ல. முதலில் தண்ணீர், பிறகுதான் ஆல்கஹால். அன்று இரவு இதை யோசிக்கவில்லை. தெரிந்த இடங்களையெல்லாம் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தேன், இரண்டு நாள் டேபிள் ஃபேன் முன் வைத்தேன், மாட்டினேன். ஓடியது. இருவருக்கும் நிம்மதி.

எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் அப்போதே மாற்றிவிட்டேன்; அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதன் மேல்மூடித் துளை வழியாகக் காபி உள்ளே போயிருந்தது. உள்ளே மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சில நேரம் அப்படியே இருக்கலாம். அதைத் திறந்து கழுவ எனக்குப் பயிற்சி கிடையாது. அதற்கென்றே பயின்றவர் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. காய்ந்துவிட்டது என்று நம்பி மறுபடி மாட்டினால், கெட்டுப்போகும்போது மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடிய பாகம் அது.

ஆக, 19-ஆம் நாள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்த நாட்கள். தானாக ஆன் ஆவது ஒன்று, கீபோர்டும் மவுசும் விட்டு விட்டுத் துண்டிப்பது இன்னொன்று, 16 ஜி.பி. ரேமில் 8 மட்டும் தெரிவது மூன்றாவது. மூன்றும் மூன்று கோளாறு போலத் தோன்றும். மூலம் ஒன்றுதான். காய்ந்த சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரத்தில் காபியின் உப்பு மறுபடி கரையும். வறண்ட நாளில் நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் ஈரமான நாளில் பேய் பிடித்ததுபோல ஆடுவது இதனால்தான்.

உறுதி செய்துகொள்ள ஒரு சின்னச் சோதனை செய்தேன். பிளக்கையும் காசு பேட்டரியையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனுக்கான இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரை மின்தடை காட்டும் ஓம் அளவில் வைத்தேன். எண் குறையக் குறைய அங்கே மின்சாரம் எளிதாகக் கடக்கிறது என்று பொருள். சில கிலோஓம் காட்டியது. எண் நிலையாக நிற்கவில்லை. அந்த இடத்தில் வாயால் "ஹா" என்று மெல்ல ஊதினேன். மூச்சின் ஈரம் பட்டதும் எண் சரசரவென்று இறங்கியது; சில நொடியில் மெதுவாக ஏறியது. சுத்தமான போர்டு மூச்சுக்கு இப்படி அசையாது. பட்டனை அழுத்துவது என்றால் அந்த இரண்டு பின்களையும் இணைப்பது, அவ்வளவுதான். காபிப் படலம் போதுமான அளவு கடத்தினால், யாரோ பட்டனை அழுத்தியதாகவே மதர்போர்டு எடுத்துக்கொள்ளும்.

இந்த முறை எல்லாவற்றையும் பிரித்தேன். ரேம், எஸ்.எஸ்.டி., கூலர், சி.பி.யு., சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்குகள், காசு பேட்டரி. கழற்றக் கழற்ற ஸ்க்ரூவை எல்லாம் ஒரு தாளில் இடம் எழுதி ஒட்டி வைத்தேன். சி.பி.யு. சாக்கெட்டுக்குள் காபி போகவில்லை என்று பூதக்கண்ணாடியில் பார்த்து உறுதி செய்துகொண்டு, அதற்கான பிளாஸ்டிக் மூடியை மாட்டி, ஓரங்களை டேப் போட்டு அடைத்தேன். அந்தச் சாக்கெட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய பின்கள் வளைந்து நிற்கின்றன. பிரஷின் ஒரு மயிரிழை பட்டால்கூட ஒன்று வளைந்துவிடும். அந்தப் பக்கம் பிரஷைக் கொண்டுபோகவே இல்லை.

கிராபிக்ஸ் கார்டின் முதுகுத் தகட்டைக் கழற்றியபோதுதான் உண்மையான நிலைமை தெரிந்தது. வெளியே பளிச்சென்று துடைத்த தகடு. உள்ளே, தகட்டுக்கும் போர்டுக்கும் நடுவே, பாகு காய்ச்சி ஊற்றியதுபோலப் பழுப்புப் படலம். சிப்பின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் மெத்தென்ற தெர்மல் பேடுகள் காபியை உறிஞ்சி வைத்திருந்தன. குறுகிய இடைவெளி எங்கிருந்தாலும் திரவம் தானே ஏறிப் புகுந்துகொள்ளும். அங்கே காற்று போகாததால் காய்வதும் கடைசியில்தான். சிப்புகளின் அடி, ஸ்லாட்டின் உள், தகட்டின் பின்புறம்: ஃபேன் காற்று எட்டாத இடங்கள் இவைதாம். சேதம் நடப்பதும் இங்கேயேதான். அரிசி மூட்டையில் போட்டால் இதெல்லாம் எப்படி வெளியே வரும்? அரிசி அந்த இடுக்கைத் தொடக்கூட முடியாது. அதன் மாவுத்தூள் ஸ்லாட்டுக்குள் போவதுதான் மிச்சம்.

கழுவியது டிஸ்டில்டு வாட்டரில். குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு காய்ந்த பிறகு போர்டிலேயே தங்கும் என்பதால் அதைத் தொடவில்லை. வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டே சொட்டு கலந்து, மென்மையான பல் துலக்கும் பிரஷால், அழுத்தாமல், ஒரே திசையில் தேய்த்தேன். காய்ந்த பால் உடனே வராது. ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டால் இளகும்; சுரண்டினால் போர்டின் பச்சைப் பூச்சு போகும். ஊசி இல்லாத சிரிஞ்சு இந்த வேலையில் கிடைத்த பெரிய துணை. ஸ்லாட்டுக்குள்ளும் சிப்பின் அடியிலும் தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்து பீய்ச்சினால் மறுபக்கம் பழுப்பாக வெளியே வரும். நிறமில்லாமல் வரும்வரை பீய்ச்சினேன். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டுக்கு மட்டும் ஒன்பது முறை ஆனது. போர்டைச் சாய்த்தே பிடித்திருந்தேன், தண்ணீர் சாக்கெட் பக்கம் ஓடாமல்.

போர்டைத் தண்ணீரில் கழுவுவதா என்று தம்பி முகம் வெளுத்துப்போனான். தொழிற்சாலைகளிலும் நீரில் கரையும் ஃப்ளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பசை) போட்டுச் சால்டர் செய்த போர்டுகளைத் தண்ணீரில்தான் கழுவுகிறார்கள் என்று சொன்னேன். மின்சாரம் துளியும் இல்லாமல், முழுக்கக் காயவைக்க நேரமும் பொறுமையும் இருந்தால், தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் எல்லாப் பாகத்துக்கும் இது பொருந்தாது. ஃபேன் மோட்டார், ஸ்பீக்கர், எஸ்.எம்.பி.எஸ். இவற்றைக் கழுவக் கூடாது. ஹார்ட் டிஸ்க்கைக் கழுவவே கூடாது. பெரும்பாலானவற்றின் மூடியில் காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கும், மூடாதே என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். அதன் வழியே நீர் போனால் உள்ளே இருப்பதற்கு ஆபத்து.

தண்ணீருக்குப் பிறகு ஆல்கஹாலின் முறை. அதே 99 சதவீதம்தான். மருந்துக்குப் பயன்படும் 70 சதவீதத்தில் மிச்சம் நீர்தான், அது இதற்கு உதவாது. கறை ஏற்கெனவே போய்விட்டதால் இப்போது எதுவும் திரியவில்லை. இடுக்குகளில் நின்ற நீரோடு கலந்து அதை வெளியே கொண்டுவந்தது. இதன் ஆவி ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் தன்மையுள்ளது. சாதாரண அறை வெப்பமே அதைவிட அதிகம். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, தீக்குச்சி, சூடான ஹேர் டிரையர் எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஹேர் டிரையரை வேறொரு காரணத்துக்காகவும் தவிர்ப்பேன்: அதன் வேகக் காற்று நீரை வெளியேற்றாமல் சிப்பின் அடிக்கே தள்ளிவிடும். கையால் அமுக்கும் ரப்பர் பல்பு போதும்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரிவது? எல்லோரும் 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று சொல்கிறார்கள். எனக்குக் கணக்கு வேண்டும். 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று இருந்தது. போர்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஃபேன் காற்று இருபக்கமும் படும்படி வைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடை போட்டேன். முதல் நாள் எடை இறங்கிக்கொண்டே வந்தது. இரண்டாம் நாள் மாலை நின்றது. அடுத்த மூன்று எடையும் ஒரே எண். ஒரு சொட்டு நீர் சுமார் 0.05 கிராம்தான் என்பதால் ஓரிரு சொட்டு எங்காவது ஒளிந்திருக்கலாம் என்று எண்ணி, இன்னொரு நாள் சேர்த்து வைத்தேன்.

இதற்கிடையில் சேதத்தைப் பார்த்தோம். செம்பு அரித்துப் பச்சைப் பூ பூத்திருந்தது இரண்டு இடத்தில்: பட்டன் பின்களில் கொஞ்சம், கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டின் முன்பகுதியில் அதிகம். ஸ்லாட்டில் ஒரு பிளவு இருக்குமே, அதற்கு முன்னால் இருக்கும் சிறிய பகுதியில்தான் மின்சாரம் வரும் பின்கள் இருக்கின்றன. ஸ்டாண்ட்பை 3.3 வோல்ட்டும் அங்கேதான். நீளமான பின்பகுதியில் அதே காபி அதே அளவு போயிருந்தும் பின்கள் பளபளப்பாகவே இருந்தன. பூதக்கண்ணாடியைத் தம்பி கையில் கொடுத்து, "பாரு, கரண்ட் இருந்த இடம் எது, இல்லாத இடம் எதுன்னு" என்றேன். அவன் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேம் ஸ்லாட் ஒன்றில் ஒரு பின்னின் தங்கப் பூச்சு அரித்துப் போயிருந்தது. அதை மீட்க முடியவில்லை. ரேமின் தங்க விரல்களை, அதாவது ஸ்லாட்டுக்குள் போகும் தங்கப் பூச்சுப் பட்டைகளை, பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. நான் தேய்ப்பதில்லை; அந்தப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் அதைத்தான் தின்னும். ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியே போதும்.

கீபோர்டிலும் கொஞ்சம் தெறித்திருந்தது. அதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: ஒயரைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும், அதுவும் உடனே. மெம்பரேன் கீபோர்டில் மூன்று பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். அவற்றுக்கு நடுவே திரவம் போய்விட்டால் தாள்களைப் பிரிக்காமல் காயாது.

மறுபடி மின்சாரம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டர். எஸ்.எம்.பி.எஸ். ஒயரைக் கழற்றிய நிலையில், மதர்போர்டின் 24 பின் சாக்கெட்டில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட், ஸ்டாண்ட்பை ஒவ்வொன்றுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளவில் அளந்தேன். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டும் எங்கோ நேரே இணைந்துவிட்டன, அதாவது ஷார்ட், என்று பொருள். எதுவும் அப்படி இல்லை. சி.பி.யு.வுக்கு நேரே போகும் லைனை அது மாட்டிய நிலையில் அளந்தால் மிகக் குறைவாகத்தான் காட்டும், அதைப் பார்த்து ஷார்ட் என்று பயந்துவிடக் கூடாது. கிராபிக்ஸ் கார்டின் சிப்பும் அப்படியே.

முதலில் சி.பி.யு., ஒரே ஒரு ரேம், போர்டிலேயே இருக்கும் டிஸ்பிளே. வேறெதுவும் மாட்டவில்லை. பிளக்கைச் செருகிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தோம். எல்.இ.டி. எரிந்தது. தானாக ஆன் ஆகவில்லை. தம்பி பட்டனை அழுத்தினான், கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் வரும் பயாஸ் திரை வந்தது. அரை மணி நேரம் அப்படியே விட்டு, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, எங்காவது காரணமில்லாத சூடு இருக்கிறதா, வாடை வருகிறதா என்று பார்த்தேன். இல்லை. இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியது, பிழை இல்லை. மறுநாள் புது தெர்மல் பேடுகளோடு கிராபிக்ஸ் கார்டை மாட்டினோம். நான்கு ரேம் ஸ்லாட்டில் மூன்றுதான் இப்போது உண்டு. இரண்டு ரேமையும் மிச்சமிருக்கும் நல்ல ஜோடியில் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு ஈரமான வாரம் வந்தது. கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, இருந்தாலும் மனம் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து, காசு பேட்டரியைக் கழற்றி, அதே இரண்டு பின்களில் மல்டிமீட்டரை வைத்தேன். தம்பி டார்ச் பிடித்தான். "ஊதுக்கா" என்றான். ஊதினேன். எண் அசையவில்லை. அவனும் ஒருமுறை ஊதிப் பார்த்தான். பிறகு பேட்டரியைப் போட்டுக் கதவை மூடினோம்.